பதினொரு வீடுகளுக்குப் பயணம் சொன்ன பிறகு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மார்ச் மாதம் இங்கிலாந்தின் வடக்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சலில் கடிதம் வந்தது. நீர்த் தொழில்நுட்பத்தில் நான் முடித்திருந்த டிப்ளோமாவைப் பட்டமாக்கும் ஒரு வருடப் படிப்புக்கு இடம். கடிதம் இரண்டு பக்கம்.

2. முதல் பக்கத்தில் வாழ்த்து இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நிபந்தனை இருந்தது: ஆங்கிலத் தகுதிப் பரீட்சையின் நான்கு பகுதிகளிலும் தலா ஆறு புள்ளியாவது எடுத்து, ஜூலை முடிவதற்குள் சான்றிதழை அனுப்ப வேண்டும்.

3. அப்பா முதல் பக்கத்தை மட்டும் வாசித்தார்.

4. சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரம் அப்பாவும் நானும் பதினொரு வீடுகளுக்குப் போய்ப் பயணம் சொன்னோம்.

5. கண்டியில், நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பார்த்துவந்த வேலையை விட்டேன்.

6. மே மாதம் பரீட்சை எழுதினேன். கேட்டலில் ஏழரை, வாசிப்பில் ஏழரை, பேச்சில் ஆறரை, எழுத்தில் ஐந்தரை.

7. வீட்டில் சொல்லவில்லை.

ஏழாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆனால் அதற்கு நான்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கடல் கடந்து போகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சும்மா புறப்பட்டுவிட முடியாது. சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். அவர்கள் கதிரை போட்டு உட்காரவைத்து, தேநீர் தந்து, கையில் ஒரு பொருளைக் கொடுத்து, திருநீறு பூசி அனுப்புவார்கள். ஒரு வீடு விடுபட்டால் அடுத்த கல்யாணம் வரைக்கும் அந்த வீட்டார் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். சொன்னவர் போய்விடுவார். சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பவரை என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் ஒரு முறையும் இல்லை. அப்படி யாரும் இருந்ததில்லை.

அப்பா பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார். கடிதத்தின் முதல் பக்கத்தில் 'மகிழ்ச்சியடைகிறோம்' என்ற வரி வரை வந்தவர், "அது போதும் பாப்பா" என்று தாளை மடித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினார். இரண்டாம் பக்கம் என் கையில் இருந்தது. அதை அலுமாரியில் சான்றிதழ்களோடு வைத்தேன். பரீட்சையில் சித்தியடைந்துவிடுவேன், அதன் பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச அவசியமே இராது என்று நினைத்தேன். பிழையான கணிப்பு என்று அப்போது தோன்றவில்லை.

பதினொரு வீடுகளிலும் கிடைத்தவை: மூன்று ஸ்வெட்டர் (மூன்றும் மெரூன்), இரண்டு சேலை, ஒரு பிளாஸ்க், ஒரு சாமிப் படம், ஒரு கைக்கடிகாரம், ஒரு குடை, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு பொதி. மூன்றாவது வீட்டில் அத்தை என் மூக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"அங்க குளிருக்கு மூக்கு விழுந்துருமாம்ல?"

மாமா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "விழுந்தா வேற ஒன்னு வாங்கி மாட்டிக்கும். இங்கிலீசு படிச்ச புள்ளைக்கு அதெல்லாம் கிடைக்காமயா போகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வீட்டிலும் நான் பொய் சொல்லவில்லை. ஒரு வீட்டிலும் வாய் திறந்து எதையும் சொல்லவுமில்லை.

பெறுபேறு வந்த நாளில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்தேன். பின்பு மதியச் சோறு சாப்பிட்டேன். பிளேட்டைக் கழுவி வைத்தேன். அடுத்த நாள் காலை வத்தேகம வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, முன்பு படித்த அதே ஆங்கில வகுப்பில் மறுபடியும் சேர்ந்தேன். ஆறு வாரம், காலை ஒன்பதரையிலிருந்து மூன்று மணி வரை. வீட்டில் "வகுப்பு" என்றேன். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு என்பது அவர்களுக்குத் தெரியும். புறப்படுவதற்கு முன் எல்லோரும் படிக்கிற ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். அம்மா மிளகாய்த்தூள் பொதிகளை வாரம் ஒருமுறை வெயிலில் வைத்து எடுத்தார்.

பஸ்ஸில் வருகிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து கண்டிக்குத் துணிக்கடை வேலைக்குப் போகும் ஒரு அக்கா தினமும் எனக்குப் பின் இருக்கையில் இருப்பார்.

"என்ன புள்ள, இன்னும் போகலையா? பிளேன் வத்தேகமயிலயா நிக்குது?"

"செப்டம்பர்லதான் அக்கா."

"ஆமாமா. வருசம் சொல்லலையே."

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் இருந்தால் ஜன்னலைப் பார்ப்பேன். இல்லாவிட்டால் முன்னால் இருப்பவரின் தலையைப் பார்ப்பேன்.

வகுப்பு பேராதனை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. பதினான்கு பேர். பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள், கண்டியில் தங்கிப் படிக்கும் மாலைதீவுக்காரர் இரண்டு பேர், தமிழ் பேசுகிறவர்கள் நானும் திகனயிலிருந்து வருகிற ஒருத்தியும். அவள் மருந்தாளர் டிப்ளோமா முடித்தவள். கனடாவுக்குப் போக இருந்தாள். அவளுடைய வாப்பா திகனயில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவளுக்கு எழுத்து நன்றாக வரும், பேச்சும் வரும், வாசிக்கத்தான் பொறுமை இல்லை. எனக்குத் தலைகீழ். அதனால் ஜோடியாகப் போட்டார்கள்.

வகுப்பை நடத்தியவர் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ கூட. எல்லோரும் மிஸ் என்போம். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேசமாட்டார். இரண்டாவது வாரம் ஒரு நாள் இடைவேளையில் என் கட்டுரைகள் ஐந்தை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, என்னிடம் தமிழில் பேசினார்.

"நீர் வடிவா எழுதுறீர். பிழையே இல்லை எண்டு சொல்லலாம். ஆனா இந்த அஞ்சிலயும் நீர் என்ன நினைக்கிறீர் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை."

"ரெண்டு பக்கமும் எழுதியிருக்கேன் மிஸ்."

"ஓம். இந்தப் பக்கம் நாலு காரணம், அந்தப் பக்கம் நாலு காரணம். கேள்வி என்ன? உம்மட கருத்து என்ன எண்டுதானே கேட்டிருக்கு?"

நான் கட்டுரைகளைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஐந்திலும் கடைசிப் பந்தி ஒரே மாதிரி முடிந்தது: இரு தரப்பிலும் காரணங்கள் உள்ளன.

பரிசோதனைக்கூடத்தில் எனக்கு முதல் நாள் சொல்லித்தந்த விதி அதுதான். அறிக்கையில் சோதித்தவர் இருக்கக் கூடாது. அமிலத்தன்மை இவ்வளவு, கலங்கல் இவ்வளவு, கிருமி இவ்வளவு, அனுமதிக்கப்பட்ட எல்லை இவ்வளவு. அதற்கு மேல் ஒரு சொல் எழுதக் கூடாது. தெல்தெனியவிலிருந்து ஒரு அம்மா கிணற்றுத் தண்ணீரைச் சோடாப் போத்தலில் கொண்டுவந்திருந்தார். போத்தலைக் கொதிநீரில் கழுவவில்லை என்பதால் திருப்பி அனுப்பி, நாங்கள் தரும் போத்தலில் மறுபடி எடுத்துவரச் சொன்னோம். எடுத்துவந்தார். அறிக்கையை வாங்கிக்கொண்டு, "இத குடிக்கலாமா மகள்?" என்று கேட்டார். நான் கிருமி எண், எல்லை எண் இரண்டையும் பேனாவால் தொட்டுக் காட்டினேன். மறுபடியும், "சரி மகள், குடிக்கலாமா?" என்றார். மறுபடியும் எண்களைக் காட்டினேன். மூன்று வருடம் அப்படித்தான் வேலை செய்தேன். என்மீது ஒரு முறைப்பாடும் வந்ததில்லை.

மிஸ் எனக்கு ஒரு பயிற்சி தந்தார். ஜோடியில் ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். மற்றவர் பத்து விநாடிக்குள் தன் முடிவை ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும். காரணம் பிறகு. நானும் திகனக்காரியும் படிக்கட்டில் உட்கார்ந்து செய்தோம். அவள் கைபேசியில் நேரத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். நகரத்தில் வாழ்வது நல்லதா? சிறுவர்களுக்குக் கைபேசி கொடுக்கலாமா? முதல் நாள் பத்துக் கேள்வியில் எட்டுக்கு நேரம் கடந்தது. மூன்றாம் நாள் நான்கு. ஒரு வாரத்தில் ஒன்றுகூட இல்லை. குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஒரு நாள் அவள் ஆங்கிலத்தை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"இப்ப செல்லு. ஒனக்குப் போக விருப்பமா, இல்லையா?"

நேரம் ஓடியது. அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருவத்தேழு," என்றாள். "அடியேய், மரக்கறிக் கடையில கத்தரிக்காயக் கேட்டாலும் இதவிட சுருக்கா பதில் வரும்."

"கேள்வி பாடத்தில இல்ல."

"பாடத்தில ஈக்கிறதுக்கு மட்டும் பதில் செல்றவள எந்த ஊருக்கு அனுப்பி என்ன?" என்று சொல்லிவிட்டு, தான் தின்றுகொண்டிருந்த பணிஸில் பாதியை எனக்குத் தந்தாள்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் கேட்பாள், "செல்லிட்டியா?" இல்லை என்பேன். "ஒன்ட வாப்பா பெட்டி வாங்கினப் பொறகு செல்லப் போறியா?" என்பாள். அப்பா பெட்டி ஏற்கனவே வாங்கிவிட்டிருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை.

நான்காவது வாரம், ஒரு புதன்கிழமை, மூன்று மணி ஆக ஐந்து நிமிடம் இருந்தபோது அப்பா வகுப்பறை வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை. கல்யாணத்துக்குப் போடும் சப்பாத்து. ஒரு கையில் லட்டுப் பெட்டி, மறு கையில் வெற்றிலைக் கட்டு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். வேறெதுவும் செய்யவில்லை.

"டீச்சரம்மா, கும்புடுறேன். நான் இவுங்க அப்பா." அப்பா வெற்றிலையை இரண்டு கையாலும் நீட்டினார். "சொந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. படிச்சுக் குடுத்தவங்களுக்குச் சொல்லாமப் போகக் கூடாதில்ல. அதான் பயணம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மிஸ் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். அவருடைய முகத்தில் குழப்பம் இருந்தது, ஆனால் மரியாதை குறையவில்லை.

"இருங்கோ ஐயா. இதிலை இருங்கோ. ஆருக்குப் பயணம்?"

"நம்ம புள்ளைக்குத்தான். செப்டம்பர் மாசம்."

"அதுக்கு இன்னும் சோதினை இருக்கே ஐயா. ஒருக்கா எழுதிப் புள்ளி காணாததாலதானே திரும்ப வந்து படிக்கிறா. வாற மாதம் எழுதிச் சரிவந்தாத்தான் போகலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீர் சொல்லேல்லையா?"

அறையில் ஒருவருக்கும் தமிழ் புரியவில்லை, திகனக்காரியைத் தவிர. அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா லட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். "எல்லாருக்கும் குடுங்க டீச்சரம்மா, பிள்ளைங்க சாப்பிடட்டும்," என்றார். மாலைதீவுக்காரர்கள் இரண்டு இரண்டாக எடுத்தார்கள். நன்றாக இருந்ததாக ஆங்கிலத்தில் சொன்னார்கள். அப்பா தலையசைத்தார்.

பஸ்ஸில் இருவருக்கும் இருக்கை கிடைத்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் அப்பா சொன்னார்:

"அப்ப ரெண்டாவது பக்கம் ஒன்னு இருந்துச்சு."

"ஆமாப்பா."

"அதில என்ன?"

சொன்னேன். ஒன்று, நான்கு பகுதியிலும் ஆறு. இரண்டு, ஜூலை முடிவதற்குள். எனக்கு எந்தப் பகுதியில் எவ்வளவு என்பதையும் சொன்னேன். அவர் விரல்களை மடக்கிக் கேட்டுக்கொண்டார்.

"பதினோரு வீட்டுக்கும் நீ என்கூடத்தான் வந்த."

"வந்தேன்."

"ஒரு வீட்டில சொல்லியிருந்தா பத்து வீடு மிச்சம்."

அவர் திட்டியிருந்தால் என்ன பதில் சொல்வதென்று யோசித்துவைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. வத்தேகமயில் பஸ் நின்றபோது சொன்னார்: "நான் போயிச் சொல்ல மாட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு. நீ போயிச் சொல்லு."

அப்படிப் போய்ச் சொல்கிற வழக்கம் இல்லாததால் எப்படிச் சொல்வதென்பதை நானே எழுதிக்கொண்டேன். மூன்று வசனம். எழுத்துப் பகுதியில் எனக்குப் புள்ளி போதவில்லை. மறுபடி எழுதப் போகிறேன். போனாலும் போவேன், போகாமலும் இருக்கலாம். பதினொரு வீட்டுக்கும் போய்வர இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. கிடைத்த பொருள்களைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். ஒருவரும் திரும்ப வாங்கவில்லை.

ஒரு வீட்டில், "அப்பவே நெனச்சேன்," என்றார்கள். இரண்டு வீட்டில் தேநீர் தரவில்லை. ஒரு பெரியப்பா காது கேட்காமல் மறுபடியும் திருநீறு பூசி அனுப்பினார். மூன்றாவது வீட்டில் மாமா பத்திரிகையை இறக்கி வைத்தார்.

"எழுத்திலயா போச்சு? இவ்வளவுக்கும் நீ பேசாத புள்ள. எழுதவாவது செய்வேன்னு நெனச்சேன்."

"சும்மா இருங்க," என்றார் அத்தை. "ஸ்வெட்டர வச்சுக்க. நுவரெலியாவுக்குப் போட்டுட்டுப் போ."

ஒன்பதாவது வீட்டில் உயர்தரம் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். நான் மூன்று வசனத்தையும் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "அக்கா, ஒங்களுக்குப் போக ஆசையா இல்லையா?"

"ஆசைதான்," என்றேன். உடனே சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. திங்கட்கிழமை படிக்கட்டில் இதைத் திகனக்காரியிடம் சொன்னபோது, "அல்ஹம்துலில்லாஹ், கத்தரிக்காய் வந்துட்டுது," என்றாள்.

ஜூலை முதல் வாரம் பரீட்சை. கட்டுரைக் கேள்விக்கு முதல் வசனத்திலேயே என் முடிவை எழுதினேன். இளைஞர்கள் படிப்பதற்காக வீட்டை விட்டுப் போக வேண்டுமா என்பது கேள்வி. வேண்டும் என்று எழுதினேன். எதிர்த்தரப்புக்கு ஒரு பந்தி மட்டும் கொடுத்தேன். நேரம் நான்கு நிமிடம் மிஞ்சியது.

பேச்சுப் பரீட்சை அன்று பிற்பகல். பரீட்சகர் வெளிநாட்டுக்காரர், நடுத்தர வயது, அன்பாகப் பேசினார். உங்கள் ஊர் பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்றேன். அவர் காத்திருந்தார். நான் கேள்விக்குப் பதில் முடிந்தது என்று இருந்தேன். மழை பிடிக்குமா? பிடிக்காது. தனியாகப் படிப்பது நல்லதா, கூட்டாகவா? கூட்டாக. ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடிக்குள் முடிவைச் சொன்னேன், ஒரே வசனத்தில். காரணம் பிறகு என்று பழகியிருந்தேன். பிறகு என்பது எப்போது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. வெளியே வரும்போது நன்றாகச் செய்ததாகவே நினைத்தேன்.

பெறுபேறு: கேட்டலில் ஏழு, வாசிப்பில் எட்டு, எழுத்தில் ஆறு, பேச்சில் ஐந்தரை.

இந்த முறை அன்றே சொன்னேன். அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்து, உடம்பிலிருந்து கொழுந்து வாசனை போகக் குளித்துவிட்டு உட்கார்ந்ததும் நான்கு எண்களையும் சொன்னேன். எந்தப் பகுதியில் குறைந்தது என்பதை இரண்டு தரம் கேட்டார். "போன தடவ பேச்சு நல்லா இருந்துச்சே," என்றார். ஆமாம் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து, "அவளுக்கு எப்பவும் ஒன்ன எடுத்தா ஒன்னு கீழ விழும்," என்றார். யாரும் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. முன்பு ஐந்தரையைப் பார்த்தபோது இருந்தது போலவே இருந்தது.

பேச்சுப் பகுதியை மீள்பரிசீலனை செய்யும்படி விண்ணப்பித்தேன். பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, இரண்டு பரீட்சைகளின் பெறுபேறுகளையும் இணைத்து, என் கருத்தில் அந்தப் படிப்பை என்னால் செய்ய முடியும் என்று எழுதினேன். அந்த வசனத்தை எழுத அரை மணித்தியாலம் எடுத்தது. ஓகஸ்ட் கடைசி வரை இடத்தை வைத்திருப்பதாகவும் அதற்குப் பிறகு அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றும் பதில் வந்தது. திகனக்காரி சித்தியடைந்து கனடாவுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் உம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து பயணம் சொன்னாள். அம்மா ஒரு குடை கொடுத்தார்.

இன்று ஓகஸ்ட் பத்தொன்பதாம் திகதி. மீள்பரிசீலனை முடிவு இன்னும் வரவில்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை, அந்த முடிவு இல்லாமல் முடியாது. பரிசோதனைக்கூடத்தில் என்னைத் தற்காலிகமாக எடுத்திருக்கிறார்கள், வாரத்தில் மூன்று நாள். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.